பழைய மடிக்கணினியை எடைக்குப் போடுமுன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுபோயின. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் 4 ஜிபி ரேமும் கேட்கிறது. இன்டெல் ப்ராசசர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். 2017-க்கு முன் வாங்கிய மடிக்கணினிகளில் அநேகமாக எதுவும் இதில் தேறாது. செட்டிநாட்டுப் பக்கம் அப்படி ஒன்று இல்லாத வீடு குறைவு. 2011-இல் தொடங்கி அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி இருக்கும். அல்லது வெளியூரில் இருக்கும் பிள்ளை புதிது வாங்கியதும் இங்கே விட்டுப்போன பழையது இருக்கும். இரண்டாம் கட்டில் பூட்டிய அறைக்குள், பித்தளை அண்டாக்களுக்கு நடுவே அதுவும் கிடக்கிறது.

கடைக்குக் கொண்டுபோனால் இரண்டு பதில்தான் கிடைக்கிறது. ஒன்று, ‘இனி இதுக்குச் செலவு பண்றது வீண், எடைக்குப் போட்டுடுங்க.’ இன்னொன்று, சில நூறு ரூபாய்க்குத் திருட்டு விண்டோஸ் போட்டுக் கொடுப்பது. முதலாவதைவிட இரண்டாவது கெடுதல். அந்தத் திருட்டுப் பிரதியை உயிர்ப்பிக்கப் போடும் ஆக்டிவேட்டர் நிரல்கள் வேலை செய்ய, வைரஸ் தடுப்பையே முதலில் அணைக்கச் சொல்கின்றன. பிறகு அதே கணினியில்தான் வங்கிக் கணக்கைத் திறக்கிறோம்.

மூன்றாவது பதில் ஒன்று உண்டு: யாரும் இலவசமாக எடுத்துப் போட்டுக்கொள்ளக்கூடிய கட்டற்ற இயங்குதளமான லினக்ஸ். அரசு மடிக்கணினிகளில் தொடக்கத்தில் விண்டோஸோடு சி-டாக் நிறுவனத்தின் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. பெரும்பாலான பிள்ளைகள் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அந்தப் பழைய பாஸ் பதிப்பை இப்போது தூசி தட்டி இணையத்தில் ஓட்ட வேண்டாம். அது டெபியன் என்ற லினக்ஸின் எந்தப் பதிப்பின் மேல் கட்டப்பட்டதோ அதற்கே ஆதரவு முடிந்துவிட்டது. புதிதாக ஒன்று போட வேண்டும். அதை வீட்டிலேயே, ஒரு விடுமுறை நாளில் செய்து முடிக்கலாம் என்பதால்தான் இத்தனை விவரமாக எழுதுகிறேன்.

எதைப் போடுவது என்பதைத் தீர்மானிப்பவை இரண்டு: ப்ராசசர் 64 பிட்டா என்பதும், ரேம் எவ்வளவு என்பதும். முதலாவதில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் 32 பிட்டாக மட்டுமே வந்தது. அதைப் பார்த்துவிட்டு ‘இது 32 பிட் கணினி’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இயங்குதளம் 32 பிட்டாக இருந்தாலும் அடியில் இருக்கும் ப்ராசசர் 64 பிட்டாக இருக்கலாம். கோர் 2 டுயோவும், அதற்குப் பின் வந்த ஐ3, ஐ5 வரிசைகளும் 64 பிட்தான். உண்மையிலேயே 32 பிட்டோடு நின்றவை ஆட்டம் என்270, என்280 போட்ட சின்ன நெட்புக்குகள்.

64 பிட்டும் 4 ஜிபி ரேமும் இருந்தால் யோசிக்காமல் லினக்ஸ் மிண்ட் 22-ஐ எக்ஸ்எஃப்சிஇ என்ற லேசான திரை முகப்போடு போடுங்கள். 2029 ஏப்ரல் வரை அதற்குப் புதுப்பிப்பு வரும். விண்டோஸ் பழகிய கைக்கு அன்னியமாகவும் தெரியாது. 2 ஜிபியில் மிண்ட் ஏறிவிடும், ஆனால் பிரவுசரைத் திறந்ததும் மூச்சு வாங்கும். அங்கே லுபுண்டு 24.04 என்ற இன்னும் லேசான லினக்ஸ் பரவாயில்லை, 2027 ஏப்ரல் வரை ஆதரவு உண்டு. 32 பிட் நெட்புக்குக்கு டெபியன் 12 அல்லது ஆன்டிஎக்ஸ் சரி. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-க்கு 32 பிட் நிறுவி கிடையாது என்பதால் ‘புதியதுதானே நல்லது’ என்று அதை இறக்கினால் அலைச்சல்தான் மிச்சம்.

இனி உடம்பைப் பார்ப்போம். எந்த லினக்ஸைப் போட்டாலும் ஹார்ட் டிஸ்க் பழுது என்றால் பயனில்லை. அந்தக் காலத்து மடிக்கணினிகளில் நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும் தட்டு டிஸ்க்தான் இருக்கும். ‘ஸ்லோவா இருக்கு’ என்று சொல்வதில் பெரும்பங்கு அந்தத் தட்டின் வேகக் குறைவுதான், ப்ராசசர் அல்ல. எனவே கையில் இருக்கும் காசுக்கு ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால் அது சுழலும் தட்டே இல்லாத டிஸ்கான எஸ்எஸ்டியாக இருக்கட்டும். 2.5 அங்குல சாட்டா வகையைக் கேட்டு வாங்குங்கள். பபிள்கம் அளவில் பட்டையாக இருக்கும் எம்.2 வகை இந்தப் பழைய கணினிகளில் பொருந்தாது. 240 ஜிபி தாராளம், 120 ஜிபியே போதும். பழைய டிஸ்க் 9.5 மில்லிமீட்டர் கனம் இருக்கும், எஸ்எஸ்டி 7 மில்லிமீட்டர்தான். சும்மா வைத்தால் ஆடும். கூடவே பிளாஸ்டிக் சட்டம் வந்தால் அதை ஒட்டிக்கொள்ளுங்கள். பழைய டிஸ்கைத் தாங்கியிருக்கும் தகரக் கூட்டையும் அதன் சின்ன ஸ்க்ரூக்களையும் தொலைத்துவிடக் கூடாது, தனியாகத் தேடினால் கிடைக்காது. 2010-ஐ ஒட்டிய போர்டுகளில் சாட்டா வேகம் நொடிக்கு 3 ஜிகாபிட்டோடு நின்றுவிடும். பெட்டியில் போட்டிருக்கும் வேகம் முழுதும் கிடைக்காது. ஆனாலும் தட்டு டிஸ்கோடு ஒப்பிட்டால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

புதிது வாங்க முடியாமல் பழைய டிஸ்கிலேயே போடுவதென்றால், முதலில் அதன் நாடியைப் பிடித்துப் பார்க்க வேண்டும். மிண்ட்டைப் பென் டிரைவிலிருந்து ஓட்டும்போதே ‘டிஸ்க்ஸ்’ என்ற செயலியில் ஸ்மார்ட் எனப்படும் டிஸ்கின் உடல்நிலை விவரம் தெரியும். ‘ரீஅலொகேட்டட் செக்டர்’, ‘கரன்ட் பெண்டிங் செக்டர்’ என்ற இரண்டு வரிகளைப் பாருங்கள். இரண்டாவது வரியில் பூஜ்யத்துக்கு மேல் எண் இருந்தால் அந்த டிஸ்கில் எதையும் புதிதாகப் போடாதீர்கள். உள்ளே இருப்பதை முதலில் வெளியே எடுங்கள்.

ரேம் வாங்கும்போது ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. டிடிஆர்3 என்று கேட்டு வாங்கினால் போதாது. 1.5 வோல்ட் டிடிஆர்3 ஒன்று, 1.35 வோல்ட் டிடிஆர்3எல் இன்னொன்று. லேபிளில் ஒன்றுக்கு ‘பிசி3’ என்றும் மற்றதற்கு ‘பிசி3எல்’ என்றும் போட்டிருக்கும். இரண்டும் 204 பின்தான், ஒரே சாக்கெட்டில் உட்காரும். 2013-க்குப் பின் வந்த நான்காம் தலைமுறை இன்டெல் மடிக்கணினிகள் பொதுவாக எல் வகையைத்தான் ஏற்கும், 1.5 வோல்ட் பட்டையைப் போட்டால் திரை எழாது. உடனே ‘போர்டு போச்சு’ என்பார்கள். போர்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. எல் வகை பழைய டிடிஆர்3 மாடல்கள் பெரும்பாலானவற்றிலும் ஓடும் என்பதால் அதையே வாங்குவது நல்லது. போடும்போது பேட்டரியைக் கழற்றிவிட்டு, பட்டையைச் சாய்வாக முழுதும் உள்ளே செருகி, பிறகு கீழே அழுத்தினால் இரு பக்கக் கொக்கிகளும் ‘டக்’கென்று பிடிக்கும். பாதி செருகினாலும் கொக்கி பிடித்தது போலத் தெரியும். ஆனால் கணினி எழாமல் பீப் ஒலி மட்டும் கொடுக்கும். கழற்றி, பட்டையின் பொன்னிறக் கால்களை மென்மையான ரப்பரால் துடைத்து மறுபடி செருகுங்கள்.

நம் ஊர்ச் செம்மண் புழுதிக்கு மடிக்கணினியின் விசிறி நல்ல வீடு. பத்து வருடம் திறக்காத கணினியில், விசிறிக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவில் கம்பளி போலத் தூசி அடைத்திருக்கும். காற்று வெளியேறாமல் சூடேறி, ப்ராசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்; சித்திரை வெயிலில் அணைந்தே போகும். தூசியை வெளியேற்றக் காற்றடிக்கும்போது விசிறி இறக்கையை ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள். வேகமாகச் சுழலவிட்டால் பேரிங் கெடும். ப்ராசசரின் சூட்டை இழுக்கும் ஹீட் சிங்க்கைக் கழற்றினால், காய்ந்த பழைய பசையை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, புதிய தெர்மல் பேஸ்ட் ஒரு மிளகு அளவு வைத்தால் போதும். ஹீட் சிங்க் ஸ்க்ரூக்களின் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று எண் போட்டிருக்கும். அந்த வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். ஒரு மூலையை முழுதாக முடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் சிப்பின் விளிம்பு நொறுங்கலாம்.

மடிக்கணினி மேசையில் சமமாக உட்காராமல் ஆடுகிறதா, டச்பேட் மேலே தூக்கியிருக்கிறதா? பேட்டரி உப்பியிருக்கிறது. அதைக் குத்தவோ அழுத்தவோ சார்ஜ் போடவோ கூடாது, தீப்பிடிக்கும். கழற்றித் தனியே வைத்து, பதிவு பெற்ற மின்கழிவு சேகரிப்பாளரிடம் சேர்க்க வேண்டும். பேட்டரி ஆய்வுக்குப் பெயர் பெற்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் காரைக்குடியிலேயே இருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் உப்பிய பேட்டரி குப்பைத்தொட்டிக்குப் போவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. கழற்றும் வகைப் பேட்டரி என்றால், அதில்லாமல் அடாப்டரிலேயே கணினி ஓடும். மின்சாரம் போனால் அந்த நொடியே அணைந்துவிடும் என்பதால் இன்வெர்ட்டர் இணைப்புள்ள பிளக்கில் செருகுங்கள்.

ரொம்ப நாள் கிடந்த கணினியில் கடிகாரத்தை ஓட்டும் சிஆர்2032 என்ற நாணய பேட்டரி செத்திருக்கும். ஒவ்வொரு முறையும் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். தேதி தப்பாக இருந்தால் எந்த இணையதளமும் ‘இணைப்பு பாதுகாப்பானது அல்ல’ என்று திறக்க மறுக்கும். லினக்ஸில் புதுப்பிப்பும் ஓடாது. லினக்ஸைக் குறை சொல்வதற்கு முன் கடிகாரத்தைப் பாருங்கள். கைக்கடிகாரக் கடையிலேயே இந்த பேட்டரி கிடைக்கும். சில மாடல்களில் ஒயரோடு வரும். அதற்கு மட்டும் சர்வீஸ் கடைக்குப் போக வேண்டும்.

அடுத்தது, லினக்ஸை நிறுவ உதவும் பென் டிரைவ். 8 ஜிபி போதும், அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். மிண்ட்டை நிறுவுவதற்கான ஐஎஸ்ஓ கோப்பு ஏறத்தாழ 3 ஜிபி. மிண்ட்டின் சொந்தத் தளத்திலிருந்துதான் இறக்க வேண்டும், இறக்கியபின், கோப்பு மாறாமல் வந்ததா என்று காட்டும் எஸ்எச்ஏ-256 எண்ணைச் சரிபார்க்கவும் வேண்டும். இது வெறும் சடங்கு இல்லை. 2016 பிப்ரவரியில் மிண்ட்டின் தளத்துக்குள்ளேயே திருடர்கள் புகுந்து, பின்கதவு வைத்த ஐஎஸ்ஓவுக்கு இணைப்பை மாற்றிவிட்டார்கள்.  பாதியில் அறுந்த பதிவிறக்கமும் இந்தச் சோதனையிலேயே மாட்டும்.

ஐஎஸ்ஓவைப் பென் டிரைவில் காப்பி பேஸ்ட் செய்தால் பூட் ஆகாது. ரூஃபஸ் என்ற நிரல் மூலம் எழுத வேண்டும்; 2012-க்கு முந்தைய கணினி என்றால் பார்ட்டிஷன் வகையில் ‘எம்பிஆர்’ தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு கணினியைப் போட்டதும், எதிலிருந்து எழுவது என்று கேட்கும் பூட் பட்டியலை வரவழைக்க வேண்டும்: லெனோவோ, டெல் என்றால் எஃப்12. எச்பி என்றால் எஸ்கேப், அதன்பின் எஃப்9. அசுஸ் என்றால் எஸ்கேப். சில லெனோவோக்களில் பக்கவாட்டில் ஊசி நுழையும் ஓட்டைக்குள் ஒரு பட்டன் இருக்கும், அதை அழுத்தினாலும் பட்டியல் வரும். ஏசரில் எஃப்12 அழுத்தினால் ஒன்றும் நடக்காததைக் கண்டு கைவிட்டவர்கள் நிறையப் பேர். முதலில் எஃப்2 அழுத்தி, கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸுக்குள் போய் ‘எஃப்12 பூட் மெனு’வை எனேபிள் செய்ய வேண்டும். அங்கீகாரம் இல்லாத இயங்குதளம் எழுவதைத் தடுக்கும் செக்யூர் பூட்டின் பிழை வந்து அதை அணைக்கப் பார்த்தால், ஏசர் அந்த வரியைத் தொடவே விடாது. சூப்பர்வைசர் பாஸ்வேர்டு ஒன்று வைத்தபிறகுதான் திறக்கும். வேலை முடிந்ததும் அந்தப் பாஸ்வேர்டை எடுத்துவிடுங்கள். மறந்துபோனால் பெரிய தொல்லை.

பென் டிரைவிலிருந்து மிண்ட் எழுந்ததும் உடனே இன்ஸ்டால் ஐகானைத் தொட வேண்டாம். டிஸ்கில் ஒரு எழுத்துகூட மாறாமல் அப்படியே ஓட்டிப் பார்க்கலாம் என்பதே லினக்ஸின் பெரிய வசதி. வைஃபை தெரிகிறதா, ஒலி வருகிறதா, கேமரா ஓடுகிறதா, மூடித் திறந்தால் விழிக்கிறதா என்று அரைமணி நேரம் பாருங்கள். பென் டிரைவிலிருந்து ஓடுவதால் மெதுவாகத்தான் இருக்கும், அதை வைத்து எடை போடக் கூடாது. தொடக்கத்திலேயே திரை கறுத்து நின்றுவிட்டால் கிராஃபிக்ஸ் டிரைவர் ஒத்துவரவில்லை என்று பொருள். மெனுவில் ‘கம்பாட்டிபிலிட்டி மோட்’ தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் வழி பிறக்கும்.

இன்ஸ்டால் செய்யும்போது ‘எரேஸ் டிஸ்க்’ என்று ஒரு வரி வரும். இந்தக் கடிதத்தில் வேறு எது மறந்தாலும் இது மறக்க வேண்டாம்: அது சி டிரைவை மட்டும் அழிப்பதில்லை. டி, இ எல்லாமே போய்விடும். ‘போட்டோவெல்லாம் டி டிரைவில்தானே இருக்கு’ என்று நம்பி, சாந்திக் கல்யாணப் படங்களை இழக்க வேண்டாம். முதலில் வெளி டிஸ்கில் காப்பி எடுங்கள். மிண்ட்டிலிருந்து விண்டோஸ் டிரைவைத் திறக்கும்போது ‘படிக்க மட்டும்’ என்று வந்தால், விண்டோஸ் முழுதாக அணையாமல் அரைத்தூக்கத்தில் இருக்கிறது. விண்டோஸுக்குத் திரும்பி, ஷிஃப்ட் விசையைப் பிடித்தபடி ஷட்டவுன் கொடுங்கள். மற்றபடி பாட்டும் படமும் ஓட உதவும் மல்டிமீடியா கோடெக் பெட்டியை டிக் செய்து, நேர மண்டலத்துக்குக் கொல்கத்தாவைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. எஸ்எஸ்டியில் அரைமணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும்.

வைஃபை வரவில்லை என்றால் பிராட்காம் சிப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். டிரைவரை இறக்க இணையம் வேண்டும், இணையம் வர டிரைவர் வேண்டும் என்று இங்கே முடிச்சு விழும். செல்போனை யூஎஸ்பி கேபிளில் செருகி ‘யூஎஸ்பி டெதரிங்’கைப் போட்டால் முடிச்சு அவிழும், பிறகு ‘டிரைவர் மேனேஜர்’ மற்றதைப் பார்த்துக்கொள்ளும். சிக்னல் மட்டும் பலவீனம் என்றால் குற்றம் கணினியுடையது அல்ல. முகப்பில் வைத்த மோடத்தின் அலை, நம் வீடுகளின் கனத்த சுண்ணாம்புச் சுவர்களைத் தாண்டி இரண்டாம் கட்டுக்கு வந்து சேராது. மோடத்தை வளவுப் பக்கம் நகர்த்துங்கள். அல்லது கேபிள் இழுங்கள். புது மெல்லிய மாடல்கள் பலவற்றில் இல்லாத லேன் சாக்கெட் இந்தப் பழையவற்றில் இருக்கிறது.

யூடியூப் திக்கினால் அதற்கும் காரணம் உண்டு. யூடியூப் இப்போது அனுப்பும் விபி9 வகைப் படத்தைப் பழைய இன்டெல் கிராஃபிக்ஸால் பிரிக்க முடியாது, ப்ராசசரே சுமக்கிறது. ஃபயர்ஃபாக்ஸில் ‘எச்264ஃபை’ என்ற நீட்சியைப் போட்டால் பழைய வகைப் படம் வரும், 720பி வரை தடையின்றி ஓடும். கூடவே யூபிளாக் ஆரிஜின் போட்டால் விளம்பரச் சுமையும் குறையும். 2 ஜிபிக்காரர்கள் ‘இசட்ரேம் டூல்ஸ்’ போட்டுக்கொண்டால் நினைவகம் சுருக்கி வைக்கப்பட்டு, இன்னும் இரண்டு மூன்று டேப் தாங்கும்.

தமிழில் தட்டச்சு செய்ய, விசைப்பலகை அமைப்பில் நேரடியாக வரும் தமிழ் லேஅவுட்டைவிட, ஐபஸ் எம்17என் என்ற தட்டச்சுக் கருவியைப் போட்டு அதில் தமிழ்99-ஐச் சேர்ப்பது சரியாக வேலை செய்யும். பழைய அழைப்பிதழ், ஊர்க் கணக்கு எல்லாம் பாமினி எழுத்துருவில் இருந்தால், அந்த எழுத்துருக் கோப்பை இருமுறை சொடுக்கி நிறுவிக்கொண்டால் லிப்ரே ஆபீஸில் படிக்க முடியும்.

லினக்ஸ் ஒத்துவராத இடங்களையும் சொல்லிவிட வேண்டும். டாலி ஓட்டும் கடைக்காரர் விண்டோஸைக் கைவிட வேண்டாம். டிஜிட்டல் கையெழுத்து டோக்கனை வைத்து ஜிஎஸ்டி தாக்கல் செய்பவரும் முதலில் டோக்கனின் லினக்ஸ் டிரைவர் இருக்கிறதா என்று பார்க்கட்டும். ஊரெல்லாம் இருக்கும் கேனன் எல்பிபி2900 பிரிண்டர் லினக்ஸில் பெரும் பாடு படுத்தும். எச்பி லேசர்ஜெட் 1020 ஓடும், ஆனால் எச்பியின் பிளகின் ஒன்றைத் தனியாக இறக்க வேண்டும். எப்சன் எல் வரிசை சிக்கலில்லை. பிரவுசரில் முடிகிற டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம், மின்கட்டணம், பட்டா நகல், பிள்ளைகளின் பாட வீடியோ, மனு தட்டச்சு ஆகியவற்றுக்கு எந்தக் குறையும் இல்லை. கிராம நூலகத்துக்கும் ஊராட்சிப் பள்ளிக்கும் தேவைப்படுவதும் அநேகமாக இவ்வளவுதான்.

காரைக்குடி, தேவகோட்டை சர்வீஸ் கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். 32 ஜிபி பென் டிரைவ் ஒன்றில், பல ஐஎஸ்ஓக்களைச் சேர்த்து வைக்க உதவும் வென்டாய் என்ற நிரலைப் போட்டு, மிண்ட், லுபுண்டு, டெபியன் 12 மூன்றின் ஐஎஸ்ஓவையும் காப்பி செய்து வையுங்கள். வென்டாயில் வெறும் காப்பியே போதும், ஒவ்வொன்றாக எழுத வேண்டியதில்லை. ‘இது ஓடாது’ என்று சொல்லுமுன், வந்தவர் கண்முன்னே அதைச் செருகி ஐந்து நிமிடம் ஓட்டிக் காட்டுங்கள். வேண்டுமா வேண்டாமா என்பதை அவரே சொல்லட்டும். லினக்ஸ் போட்டுக் கொடுக்கும் உழைப்புக்கு நீங்கள் வாங்கும் கூலி நியாயமானது. அதைக் கொடுக்க வாடிக்கையாளரும் தயங்கக் கூடாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காரைக்குடி.